லயமே நிரப்பிய கேன்

எலும்பு ஆய்வுக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களையெல்லாம் போன வாரம் பதுளையில் பார்த்தேன். எல்லோர் கழுத்திலும் அடையாள அட்டை, எல்லோர் முகத்திலும் பயங்கரமான பொறுப்பு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கோபிக்க வேண்டாம். ஓய்வு பெற்றவளுக்கு மிஞ்சியிருக்கும் சலுகை இளையவர்களைப் பார்த்துச் சிரிப்பது மட்டும்தான். ஏதாவது பேசுங்கள் என்று மைக்கை நீட்டினார்கள். மைக்கைப் பிடித்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் எழுதித் தருகிறேன்.

எலும்பைப் பற்றி உங்களுக்குச் சொல்லித்தர என்னிடம் எதுவும் இல்லை. எக்ஸ்ரே படத்தை எப்படிப் பார்ப்பது, இரத்தத்தை எப்படிப் பத்திரப்படுத்துவது எல்லாம் பயிற்சியிலேயே படித்திருப்பீர்கள். நான் சொல்ல வந்தது சிறுநீரைப் பற்றி. முகத்தைச் சுளிக்காதீர்கள். நம் வேலையில் பாதி அந்த மஞ்சள் கேனுக்குப் பின்னால் அலைவதுதான். எலும்புக்குப் போய்ச் சேர வேண்டிய சத்து வழியில் எங்காவது ஒழுகுகிறதா என்பது ஒரு முழு நாளின் சிறுநீரைச் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும். முப்பது வருடம் கள உத்தியோகத்தராக இருந்தேன். என் பேரப்பிள்ளைகள் கேட்டால் நான் ஆராய்ச்சி செய்தேன் என்றுதான் சொல்வேன். உங்களிடம் உண்மையைச் சொல்லலாம், நான் கேன் தூக்கினேன்.

அந்தக் கேன்களில் ஒன்றின் கதை இது.

பூனாகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், மேல் டிவிசன் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், தர்ஷினி என்று ஏழு வயதுப் பிள்ளை இருந்தாள். கால் இரண்டும் வளைந்து, முழங்கால்களுக்கு நடுவே ஒரு பந்து போகிற அளவுக்கு இடைவெளி. பந்து போகும் என்று சும்மா சொல்லவில்லை. லயத்துப் பையன்கள் உண்மையிலேயே உருட்டிவிடுவார்கள், அவள் அசையாமல் நின்று, பந்து பின்னால் போனதும் "கோல்" என்று கையைத் தூக்குவாள். நான் முதல் நாள் போனபோது என்னையும் உருட்டச் சொன்னாள். நான் உருட்டியது காலில் பட்டு வெளியே போய்விட்டது. "மிஸ்ஸுக்கு வெளயாடத் தெரியல" என்று லயம் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

அவளுடைய அம்மா சாந்தி கொழுந்து பறிப்பவள். அப்பாவுக்குக் கொழும்பில் கடை வேலை, தீபாவளிக்குத்தான் வருவார். கல்சியம் கொடுத்தும் விற்றமின் கொடுத்தும் கால் நிமிரவில்லை என்பதால், பெரிய ஆஸ்பத்திரியில் எலும்பை வெட்டி நேராக்க நாள் குறித்துவிட்டார்கள். எங்கள் ஆய்வுக்குத் தலைவராக இருந்த மேடத்துக்கு மட்டும் ஒரு சந்தேகம். இந்தப் பிள்ளையின் உடம்பு பொஸ்பேட் என்ற சத்தைச் சிறுநீரில் கொட்டிக்கொண்டிருக்கிறதோ என்று. அப்படியானால் வெட்டி நேராக்கியும் பிரயோசனம் இல்லை, வளர வளரத் திரும்ப வளையும். அதற்கு வேறு மருந்து இருந்தது. ஆய்வுக்கென்று கொஞ்சமாக வந்த மருந்து. ஒழுக்கு நிரூபணமான பிள்ளைகளுக்கு மட்டும் அந்த வெள்ளிக்கிழமை பங்கிட வேண்டும். தர்ஷினியின் கால் கத்திக்குப் போவதா, மருந்துக்குப் போவதா என்பது ஒரு கேனில் வந்து நின்றது.

குடும்பத்தில் வேறு யாருக்காவது கால் வளைவா என்று சாந்தியிடம் கேட்டேன். யாருக்கும் இல்லை என்றாள். கேனைக் கொடுத்து, விளக்கம் சொல்லி, அவளைத் திரும்பச் சொல்ல வைத்து, நிம்மதியாகப் பண்டாரவளைக்கு பஸ் ஏறினேன்.

மேடத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. பண்டாரவளையில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. பெயரைப் போட்டால் சண்டைக்கு வருவார், அதனால் போடவில்லை. துணியைத் தடவிப் பார்த்தே தரம் சொல்லும் கடையில் வளர்ந்ததாலோ என்னவோ, பரிசோதனை முடிவுகளையும் தடவிப் பார்ப்பது போலத்தான் பார்ப்பார். கோபம் வந்தால் சத்தம் போடமாட்டார். கேலி பண்ணுவார். சத்தம் போட்டிருந்தால் தேவலை என்று இருக்கும்.

புதன்கிழமை காலை போன் வந்தது.

"மிஸ், உங்க தர்ஷினிக்கு என்ன வயசு?"

"ஏழு மேடம்."

"மீச இருக்கா?"

எனக்குப் புரியவில்லை.

"கேன் கழுத்து வரைக்கும் நெறஞ்சு வந்திருக்கு. அதுல இருக்கிற கழிவப் பாத்தா மூட்ட தூக்குற ஆளோட ஒடம்பு மாதிரி இருக்கு. போதாததுக்குச் சீனியும் இருக்கு. இந்தப் புள்ளைக்கு ஏழு வயசுன்னா நான் இன்னும் பொறக்கவே இல்ல."

உங்களுக்குத் தெரிந்ததுதான். தசையிலிருந்து தினமும் ஒரு கழிவு சிறுநீரில் வரும். ஆளின் பருமனுக்கு ஏற்ற அளவில் வரும். சின்னப் பிள்ளைக்குச் சின்ன அளவு. இந்தக் கேனில் ஒரு கூட்டமே இருந்தது. அத்தனை பேருடையதும் கலந்ததில் ஒழுக்கு எங்கேயோ காணாமல் போய், தர்ஷினிக்கு ஒரு குறையும் இல்லை என்று கணக்கு வந்துவிட்டது. அலுவலகத்தில் இருந்தவர்கள் இதற்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். ஒத்துழைக்காத குடும்பம். அந்தப் பெயர் ஒட்டிவிட்டால் பிறகு உரித்து எடுக்க முடியாது.

"வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும் மருந்த எடுத்து வைக்கிறேன்" என்றார் மேடம். "சுத்தமா ஒரு கேன் வந்தாப் பாக்கலாம். இல்லாட்டி அடுத்த புள்ளைக்குத்தான் குடுக்கணும். அந்தப் புள்ளையும் புள்ளதானே."

கேலி இல்லாமல் பேசியதால் எனக்குப் பயமாகிவிட்டது. ஒரு முழு நாள் சேர்க்க வேண்டும் என்றால் வியாழன் காலையில் தொடங்கியே ஆகவேண்டும். அதற்குள் நடந்தது என்ன என்று தெரிய வேண்டும். தெரியாமல் புதுக் கேன் கொடுத்தால் அதுவும் கழுத்து வரை நிறைந்து வரும்.

ஆய்வு ஜீப்பில் ஏறி மேல் டிவிசனுக்குப் போய்ச் சேர்ந்தபோது கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டுப் பெண்கள் லயத்துக்கு வந்துகொண்டிருந்தார்கள். சாந்தியிடம் மெதுவாகத்தான் கேட்டேன்.

"சாந்தி, கேன்ல வேற யாரும் ஊத்துனாங்களா?"

"இல்லங்க மிஸ். சாமி சத்தியமா எம்புள்ளயோடதுதாங்க."

சத்தியம் செய்தவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. வாசல்களில் நின்றவர்கள் ஆளாளுக்கு வேலை தேடிக்கொண்டார்கள். ஒருத்தி ஏற்கெனவே கழுவிய சட்டியைக் கழுவினாள். ஓய்வு பெற்ற கங்காணி ஒருவர், தன் கோழிகள் எத்தனை என்று திடீரென்று எண்ணத் தொடங்கினார். லயமே வாயை மூடிக்கொண்டது. விஷயம் பெரிய இடத்துக்குப் போய்விட்டது, பிடித்துக்கொண்டு போவார்கள் என்று நினைத்துவிட்டார்கள் என்று புரிந்தது.

இங்கேதான் கவனிக்க வேண்டும். நான் அதட்டியிருக்கலாம். வெள்ளைச் சட்டை போட்டவள் அதட்டினால் தோட்டத்தில் எல்லோரும் "ஆமாங்க, சரிங்க" என்பார்கள். அதற்குப் பிறகு ஒரு உண்மையும் வெளியே வராது. நானும் லயத்துக் காம்பராவில், ஒற்றை அறை வீட்டில், பிறந்தவள், அந்த "சரிங்க"வை என் வாயாலேயே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். சுற்றிப் பார்த்தேன். எல்லோரும் என் கண்ணைத் தவிர்க்கிறார்கள், கடைசிக் காம்பரா வாசல்படியில் உட்கார்ந்திருந்த ஒருத்தி மட்டும் தவிர்க்கவில்லை. இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, முகம் முழுக்க ஆத்திரத்தோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது குற்றம் செய்தவளின் முகம் இல்லை. கல்யாண வீட்டில் கவனிக்காமல் விடப்பட்டவளின் முகம்.

சட்டென்று கேட்டேன். "சரி, யாரு குடுத்தாங்கன்னு நான் கேக்கல. யாருகிட்ட கேக்காம விட்டீங்க? அத மட்டும் சொல்லுங்க."

அந்தப் பெண் படியிலிருந்தே ஆரம்பித்துவிட்டாள்.

"எங்கிட்ட கேக்கல மிஸ். நான் புஷ்பராணி. அந்தப் புள்ளைக்குச் சொந்த அத்த. அவ அப்பனுக்கு அக்கா. நேத்து வந்து குடியேறுனவன் குடுக்குறான், இந்தா நிக்கிறாரு கங்காணி, அவருக்குச் சீனி வருத்தம்னு தோட்டத்துக்கே தெரியும், அவரு குடுக்குறாரு. கேன் என் வாசலத் தாண்டித்தான் போவுது. ஒரு வார்த்த கேக்கல."

"நான் கொஞ்சமாத்தான் குடுத்தேன்" என்றார் கங்காணி, கோழியை விட்டுவிட்டு.

அவ்வளவுதான். அணை உடைந்துவிட்டது. "நாங்க காலையிலதாங்க குடுத்தோம்", "எங்க வீட்டுக்காரரு மாட்டேன்னாரு, நாந்தான் திட்டிக் குடுக்க வச்சேன்" என்று ஆளுக்கொரு பக்கம் கத்துகிறார்கள். கடைசியில் சாந்தி அழுதுகொண்டே சொன்னாள்.

"புள்ள பள்ளிக்கூடத்துலயே பாதிய விட்டுட்டு வந்துட்டா மிஸ். அந்தியில பாத்தா அவ்வளவு பெரிய கேனுக்கு அடியில இத்துனூண்டு கெடக்கு. இதப் பாத்துட்டு எம்புள்ளைக்கு மருந்து இல்லன்னுட்டா? கொழுந்து கொறஞ்சா ஆளுக்கு ஒரு கைப்பிடி போடுவோம்ல மிஸ், அந்த மாதிரிதான் கேட்டேன்."

எனக்கு வந்த சிரிப்பை அடக்க முடியவில்லை. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். மலைநாட்டுக்குப் புதியவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். கொழுந்து நிறுக்கும்போது சொன்ன அளவுக்குக் குறைந்தால் அன்றைக்கு அரைப்பேர், அதாவது அரை நாள் கணக்கு. சுகமில்லாதவள், பிள்ளைத்தாய்ச்சி யாராவது பின்தங்கிவிட்டால், பக்கத்து நிரையில் இருப்பவர்கள் ஆளுக்கு ஒரு கைப்பிடி கொழுந்தை அவள் கூடையில் போட்டுவிடுவார்கள். யாரும் நன்றி சொல்வதில்லை. நான் வயிற்றில் இருந்தபோது என் அம்மாவின் கூடையிலும் அப்படி விழுந்திருக்கிறது. என் எலும்பில் பாதி அந்தக் கொழுந்துதான். இவர்களைப் பார்த்து ஒத்துழைக்காத குடும்பம் என்று எழுதுவதா? உலகத்தில் எந்த ஆய்வுக்கும் இவ்வளவு ஒத்துழைப்புக் கிடைத்திருக்காது.

சிரித்து முடித்த பிறகுதான் மெய்யான கவலை வந்தது. கலக்கக் கூடாது என்று விளக்கினேன், எல்லோரும் தலையை ஆட்டினார்கள். ஆனால் எனக்கு என் சனங்களைத் தெரியும். நாளைக்கு அந்தியில் அந்தக் கேன் மறுபடி குறைவாகக் கிடக்கும். சாந்தி முகம் வாடும். யாராவது ஒருத்திக்கு மனசு கேட்காது. கூடாது என்று சொன்னால் ஒளித்துத்தான் ஊற்றுவார்கள். கொடுக்கத் தவிக்கிற கைக்கு வேறு ஏதாவது வேலை வேண்டும்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. நோயில்லாதவர்களின் சிறுநீரையும் ஒப்பிட்டுப் பார்க்க எங்களுக்கு ஆட்கள் தேவைப்பட்டார்கள். அதே தண்ணீரைக் குடித்து அதே சோற்றைச் சாப்பிடும் ஆட்கள். மாதக்கணக்காகக் கெஞ்சியும் ஒருவரும் முன்வரவில்லை. ஜீப்பின் பின்பக்கம் வெறும் கேன்கள் குவிந்து கிடந்தன. மேடத்துக்குப் போன் போட்டேன்.

"மேடம், கேன்ல யாரு யாரு இருக்காங்கன்னு தெரிஞ்சிருச்சு."

"யாரு?"

"லயமே இருக்கு."

விஷயத்தைச் சொல்லி, ஆளுக்கொரு கேன் கொடுக்கட்டுமா என்று கேட்டேன். அந்தப் பக்கம் ஏதோ மூச்சுத் திணறுவது போலக் கேட்டது. மேடம் சிரித்துக்கொண்டிருந்தார். "குடுங்க, எல்லாருக்கும் குடுங்க" என்றார்.

முதல் கேனைக் கடைசிக் காம்பராவுக்குக் கொண்டுபோனேன். அத்தைக்குத்தான் முதல் மரியாதை. புஷ்பராணி ஒரு கையால் நிலையைப் பிடித்து எழுந்து நின்று, சீர்த்தட்டு வாங்குவது போல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். சாந்தியோடு பேச்சுவார்த்தை அறுந்து ரொம்ப நாளாகிறதாம். தர்ஷினிக்குக் காது குத்தும்போது மேலே கோயிலுக்கு அத்தை வரவில்லை, கீழேயே இருந்துவிட்டாள் என்பது சாந்தியின் கோபம். "பெருமக்காரி" என்று என் காதில் ஓதினாள்.

வியாழக்கிழமையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குப் பெண்கள் கூடையும் மஞ்சள் கேனுமாக வந்து நிற்க, தோட்டத்துத் துரை தூரத்திலேயே நின்று பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் திரும்பிப் போய்விட்டார். மலையில் நிரைக்கு நிரை தேயிலைச் செடிக்குள் கேன் மினுங்கியது. கங்காணிக்குச் சீனி இருப்பதால் கேன் இல்லை என்றதும் மனிதர் சாப்பிடமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். தர்ஷினியின் கேனுக்குக் காவல் வேலையை அவருக்குக் கொடுத்தேன். அன்றைக்குப் பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலிருந்த பிள்ளை காம்பராவுக்கும் கக்கூசுக்கும் போகும் ஒவ்வொரு முறையும், குடை பிடித்துக்கொண்டு கேனோடு பின்னால் நடந்தார். "கிட்ட வராதீங்க, ஆராய்ச்சி நடக்குது" என்று எல்லோரையும் விரட்டினார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் எல்லாக் கேனையும் ஏற்றிக்கொண்டு பதுளை ஆய்வுகூடத்துக்குக் கிளம்பினோம். பெய்த மழையில் பண்டாரவளைப் பாதையில் மண் சரிந்து கிடந்தது. வேறு வழியில்லாமல் கொஸ்லந்தைக்கு இறங்கி, பெரகலைக்கு ஏறி, ஹப்புத்தளை சுற்றிப் போனோம். பெரகலைச் சந்தியில் பொலிஸ் மறித்தது. ஜீப் நிறைய மஞ்சள் கேன், உள்ளே ஏதோ தளும்புகிறது. கசிப்பு என்ற கள்ளச்சாராயம் கடத்துகிறோம் என்று அவர்களுக்கு உறுதியாகிவிட்டது. எனக்குத் தெரிந்த சிங்களத்தில் நான் சொன்ன விளக்கம் சந்தேகத்தைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை. ஒருவர் ஒரு மூடியைத் திறந்து நன்றாக மூக்கை வைத்து முகர்ந்தார். அதற்குப் பிறகு சந்தியில் நின்ற லொறியையெல்லாம் ஒதுக்கி எங்களுக்கு வழிவிட்டார்கள். சிரித்துச் சிரித்து டிரைவருக்குக் கண்ணீர் வந்து, ஹப்புத்தளை மூடுபனியில் பாதை தெரியாமல் கொஞ்ச நேரம் நிறுத்த வேண்டியதாயிற்று. நான் சிரித்தேனே தவிர, கண் கடிகாரத்தில்தான் இருந்தது. மருந்து இன்னொரு பிள்ளைக்குப் போய்விட்டால் இந்தக் கூத்தெல்லாம் எதற்கு?

மத்தியானத்துக்குள் போய்ச் சேர்ந்துவிட்டோம். மேடம் தர்ஷினியின் கேனை முதலில் எடுத்துக்கொண்டு போனார். நான் ஆய்வுகூட வாசலில் காத்திருந்தேன். ஒன்றும் சாப்பிடத் தோன்றவில்லை. கதவைத் திறந்து எட்டிப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"மீச போயிருச்சு மிஸ்."

ஒழுக்கு இருந்தது. சந்தேகமே இல்லாமல் இருந்தது. அன்றைக்கே மருந்தில் தர்ஷினியின் பங்கு எழுதப்பட்டது, வெட்டும் நாள் தள்ளிவைக்கப்பட்டது. பதுளை பஸ் நிலையத்தில் நின்று அழுதேன். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, யாரோ செத்துப்போனார்கள் என்று நினைத்து என் கையைப் பிடித்துக்கொண்டார். நானும் விடவில்லை.

அடுத்த வாரம் மேடம் மறுபடி கூப்பிட்டார். இந்த முறை கேலி இல்லை.

"நோய் இல்லாத ஆளுங்கன்னு கேன் குடுத்தீங்களே. அதுல ஒண்ணும் ஒழுகுது. தர்ஷினியோடத மாதிரியே. புஷ்பராணின்னு போட்டிருக்கு."

வாசல்படி, இடுப்பில் ஊன்றிய கை, நிலையைப் பிடித்து எழுந்தது எல்லாம் ஒரேயடியாக என் கண்முன் வந்தது. லயத்துக்கு ஓடினேன். புஷ்பராணிக்கு நான் கேட்டதே வேடிக்கையாக இருந்தது.

"அது வருத்தம் இல்ல மிஸ், எங்க வீட்டு நடையே அப்புடித்தான். எங்கம்மாவும் ஆடி ஆடித்தான் நடக்கும். தம்பியும் அப்புடித்தான். வலியா? வலி இல்லாம யாரு மலையேறுறா?"

பரம்பரையாக வரும் ஒழுக்கு. குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்று சாந்தி சொன்னது பொய்யும் இல்லை. அவர்களுக்கு அது நோய் இல்லை, குடும்ப நடை. எக்ஸ்ரே எடுத்தால் தொடை எலும்பில் ஆறாத கீறல்கள். அந்தக் காலோடு அவள் இத்தனை வருடம் நிரை பிடித்திருக்கிறாள், சோம்பேறி என்று திட்டும் வாங்கியிருக்கிறாள்.

ஆஸ்பத்திரி மாடியில் படத்தை வெளிச்சத்தில் காட்டி நான் விளக்கியபோது சாந்தி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர்கள் பேசிய முதல் பேச்சை நான் என் காதால் கேட்டேன்.

"கோயில் படி ஏற முடியலன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல அண்ணி?"

"நீ கேட்டியாடி?"

சாந்தி அவள் கையைப் பிடித்துக் கீழே கூட்டிப்போனாள். படியில் இறங்கும்போது பெரியவளின் பாரம் முழுவதையும் தன் தோளில் வாங்கிக்கொண்டாள். தீபாவளிக்கு வந்த அப்பாவுக்கும் ஒரு கேன் கொடுத்தோம். அவருக்கும் அதேதான்.

மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் யோசித்துவிட்டுச் சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வரும். "மிஸ், முதல் கேன் லயம் முழுக்கச் சுத்துச்சே. ஊத்தியிருந்தாலும் அந்த ஒழுக்க மறைச்சிருக்காத ஒரே ஆள்கிட்டத்தான் கேக்காம போயிருக்காங்க."

உங்கள் கேன்களும் ஒரு நாள் கழுத்து வரை நிறைந்து வரும். ஏமாற்றுகிறார்கள் என்று எழுத முதலில் கை பரபரக்கும். பேனாவை மூடிவைத்துவிட்டு, ஜீப்பில் ஏறிப் போய், யாரைக் கேட்காமல் விட்டார்கள் என்று கேளுங்கள்.

ஓய்வு பெறுவதற்கு முன் கடைசியாக மேல் டிவிசனுக்குப் போனபோது தர்ஷினி வளர்ந்திருந்தாள். பந்தை என் கையில் கொடுத்துவிட்டு முற்றத்தில் போய் நின்றாள். இந்த முறை குறி தவறக் கூடாது என்று குனிந்து, கண்ணைச் சுருக்கி, நேராக உருட்டினேன். பந்து போய் அவள் முழங்கால்களில் முட்டி அப்படியே நின்றுவிட்டது. அவள் குனிந்து அதைப் பார்த்தாள், பிறகு கொஞ்சம் மனத்தாங்கலோடு என்னைப் பார்த்தாள்.

"இப்ப போகவே மாட்டேங்குது மிஸ்" என்றாள்.